இன்னும் 90 பர்சன்ட் பாக்கி!

"ப்ராஜெக்ட் எந்த நிலைமையிலப்பா இருக்கு?" என்று ஹெச்.ஓ.டி. கேட்டால், எந்த இன்ஜினீயரிங் மாணவனும் சொல்லும் பதில் ஒன்றுதான். "90 பர்சன்ட் ஓவர் சார். ஃபினிஷிங் மட்டும்தான் பாக்கி!" மூன்று மாதமாக லேபிலேயே குடியிருப்பவனும் இதைத்தான் சொல்வான். சாமான் வாங்கக் கடைப்பக்கமே போகாதவனும் இதைத்தான் சொல்வான்.

நானும் சொன்னேன், போன வருஷம். அப்போது செகண்ட் இயர் கடைசி. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரிமோட் விமானம் செய்துகொண்டிருந்தோம். றெக்கைக்குத் தெர்மாக்கோல், உடம்புக்குப் பால்சா கட்டை, மூக்கில் ஒரு மோட்டார். மொத்த எடை 1.8 கிலோ. வெளியூர் காலேஜ் ஒன்றில் டெக் ஃபெஸ்ட், ஏரோமாடலிங் போட்டி. ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டு, அதில் பாதி கடனாக வாங்கி, ராத்திரி ரெண்டு மணி வரை ஃபெவிக்விக் வாசனையில் உட்கார்ந்து கட்டிய விமானம். போட்டிக்கு முந்தின நாள் பெயின்ட் காய்ந்து பளபளவென்று நின்றபோது, ஹாஸ்டலே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது.

அடுத்த நாள் கிரவுண்டில் ஓடியது, எழுந்தது, மூக்கைத் தூக்கியது... தூக்கிக்கொண்டே போனது. ரிமோட் பிடித்திருந்தவன் ஸ்டிக்கை முழுசாக முன்னால் தள்ளியும் மூக்கு இறங்கவில்லை. அந்தரத்தில் ஒரு நொடி நின்று, இடது பக்கம் புரண்டு, வாலிபால் கோர்ட் ஓரத்தில் போய்க் குத்தியது. மொத்தமே ஆறு செகண்ட்!

ரிமோட் பிடித்தவனை நாங்கள் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவோம். அன்று சாயங்காலமே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "ஓவரா இழுத்துட்டான்டா மச்சி." அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் உடைந்த வாலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். அதன் பிறகு க்ளப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. விமானம் ஏன் விழுந்தது என்பது அன்று ராத்திரியே ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். அதற்கு அப்புறம் வருகிறேன். கொஞ்சம் தைரியம் வரவேண்டும்.

தூக்கம் வராத அந்த நாட்களில்தான் நிஜ விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மாடல் இல்லை பாஸ். ஆள் ஏறி உட்கார்ந்து பறக்கிற விமானம்! அமெரிக்காவில் கார் ஷெட்டில் கட்டுகிறார்கள். சட்டமே இடம் கொடுக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் நீங்களே செய்திருக்க வேண்டும், அதுவும் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் '51 பர்சன்ட் ரூல்' என்பார்கள். 1953-ல் பால் பொபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் நண்பர்களைக் கூட்டி ஆரம்பித்த இ.ஏ.ஏ. என்ற சங்கம்தான் இவர்களுக்குத் தாய்வீடு. 1970-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்கோஷ் என்ற சின்ன ஊரில் கூடுகிறார்கள். 2020 கொரோனா வருஷம்தான் விட்டுப்போனது. நம்ம ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. என்ன, தேருக்குப் பதில் அவரவர் கட்டிய விமானத்தில் வந்து இறங்குவார்கள்.

'அதெல்லாம் அமெரிக்காவுக்கு சரி' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட், தன் குடும்பம் இருந்த அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். நாமெல்லாம் மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவோம்! 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அதைப் பிரித்து கிரேன் வைத்து இறக்கினார்கள். கூட்டம் வந்து பார்த்தது, பேப்பரில் போட்டோ வந்தது. விமானம் ரெடி என்றுதானே நினைப்பீர்கள்? பதிவு எண் கிடைத்தது 2017-ல். பறக்க அனுமதி 2019-ல். மகாராஷ்டிரத்தின் துலே ஓடுபாதையில் சோதனையாகப் பறந்தது 2020-ல். கண்காட்சியில் நின்றதற்கும் தரையை விட்டு எழுந்ததற்கும் நடுவில் நாலு வருஷம். நாம ஒரு பி.இ. படிச்சு முடிக்கிற நேரம்!

இந்த ஹோம்பில்ட் ஆட்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. "விமானம் எவ்வளவு முடிஞ்சிருக்கு?" "90 பர்சன்ட் முடிஞ்சாச்சு. இன்னும் 90 பர்சன்ட்தான் பாக்கி!" முதல் தடவை படித்தபோது சிரித்தேன். ரெண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

வீடு கட்டின அனுபவம் உங்கள் வீட்டில் இருந்தால் இது புரியும். எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் தாத்தா ஒருத்தர் அப்பாவிடம் சொல்வார், "சுவர் எழும்புற வேகத்தைப் பாத்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிராதீங்க தம்பி. பூச்சு வேலைன்னு ஒண்ணு இருக்கு." அவர் சொன்னபடியே ஆச்சு. சுவர் மூன்று மாதம், பூச்சு, பட்டி, பெயின்ட், வயரிங், குழாய் எல்லாம் சேர்ந்து எட்டு மாதம். விமானமும் அப்படித்தான். றெக்கை வளரும்போது ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம். பார்க்க வருகிறவர்கள் "அட, விமானம் மாதிரியே இருக்கே!" என்பார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் கழித்து வந்து பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள். அந்த ஒரு வருஷத்தில் நடப்பதுதான் ஃபினிஷிங்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் நிறுவனம், விமானத்தைப் பெட்டி பெட்டியாக விற்கிறது. முதல் பெட்டியில் வால், அடுத்து றெக்கை, அப்புறம் உடம்பு. கடைசிப் பெட்டிக்குப் பெயரே 'ஃபினிஷிங் கிட்'. பெயரைப் பார்த்து ஏதோ ரெண்டு ஸ்க்ரூ, கொஞ்சம் பெயின்ட் என்று நினைத்தால் ஏமாந்தோம். சக்கரம், எஞ்சினைத் தாங்கும் ஸ்டாண்ட், எஞ்சினுக்கு மேல் மூடும் கவுலிங், பைலட் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூண்டு எல்லாம் அதில்தான் வருகின்றன. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் தனிக் கணக்கு.

அந்தக் கண்ணாடிக் கூண்டைப் பற்றிக் கேட்டால் கட்டினவர்கள் எல்லாருக்கும் வியர்க்கும். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். குளிரில் விறைத்துப்போய் அப்பளம் மாதிரி உடையும். அதனால் வெயில் காலம் வரக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் ஷெட்டுக்குள் ஹீட்டர் போட்டுச் சூடாக்குவார்கள். ரம்பம் வைத்தால் பல் மாட்டி விரிசல் விடும் என்று தேய்க்கிற டிஸ்க் போட்டு மெதுவாக அறுப்பார்கள். துளை போட சாதாரண டிரில் பிட் ஆகாது, அதற்கென்று முனை தீட்டிய பிட். எல்லாம் சரியாகச் செய்து, கடைசித் துளையில் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்டால் போச்சு! புதுசு வாங்க வேண்டியதுதான், நம்ம கணக்கில் லட்ச ரூபாய் சமாசாரம். வைவாவில் எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றி டேபிளில் வைக்கிறபோது வருமே ஒரு பயம், அதை மூன்று வாரம் தொடர்ந்து அனுபவிப்பது மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபைபர் விமானக் கதை. பர்ட் ருட்டான் என்று ஒரு டிசைனர். 1986-ல் எங்கேயும் இறங்காமல், பெட்ரோல் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றிய வாயேஜர், 2004-ல் விண்வெளியைத் தொட்டு வந்த முதல் தனியார் ஆள் ஊர்தியான ஸ்பேஸ்ஷிப்ஒன், ரெண்டும் அவர் வடிவமைத்தவை. அதற்கு முன்பே, 1975-ல் அவர் பறக்கவிட்டது 'வேரிஈஸி' என்ற குட்டி விமானம். பிறகு அதன் அண்ணன் 'லாங் ஈஸி'. ப்ரொப்பெல்லர் பின்னால், குட்டி றெக்கை மூக்கில்... ஏதோ பின்பக்கமாகப் பறப்பது மாதிரி இருக்கும். அப்போது வரைபடத்தை வாங்கி யார் வேண்டுமானாலும் கட்ட முடிந்தது.

எப்படிக் கட்டுவார்கள் தெரியுமா? ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் றெக்கை வடிவத்தில் அறுத்து, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி எபாக்ஸி ஊற்றிக் காயவைப்பார்கள். நாங்களும் இ.இ.இ. லேபில் நைக்ரோம் கம்பியைக் கடன் வாங்கி, எலிமினேட்டரில் மாட்டி, தெர்மாக்கோலை அப்படித்தான் அறுத்தோம்! அதைப் படித்தபோது சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

துணி காய்ந்ததும் மேல்பக்கம் சாக்குத் துணி மாதிரி சொரசொரவென்று இருக்கும். இங்கேதான் பட்டி பார்க்கும் படலம் ஆரம்பம். மாவு மாதிரி நுணுக்கமான, உள்ளே காலியான கண்ணாடி உருண்டைகளை எபாக்ஸியில் குழைத்து சப்பாத்தி மாவு பதத்தில் ஒரு பட்டி தயாரிப்பார்கள். பெயர் மைக்ரோ. சாதாரண பட்டியை விட ரொம்ப லேசானது. அதை றெக்கை முழுக்க அப்பி, காயவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய நீளமான பலகையால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். வெறும் கையால் தேய்த்தால் விரல் விரலாகப் பள்ளம் விழும். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில், அப்பினதில் பெரும்பகுதி தூளாகித் தரையில் கிடக்கும். றெக்கையில் நிற்க வேண்டியது பள்ளத்தை நிரப்பும் அளவு மட்டும்தான். ஆர்வக்கோளாறில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் அடியில் இருக்கும் கண்ணாடித் துணி அறுபடும். றெக்கையின் பலமே அந்தத் துணிதான். மூக்கில் மாஸ்க், தலைமுடியெல்லாம் வெள்ளை, நூறு மணி நேரத்துக்கு மேல் இதே வேலை. வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், சாப்பாடு மட்டும் வரும் போல.

அப்புறம் ப்ரைமர். அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைத் துளைகள் நூற்றுக்கணக்கில் அதில்தான் பல்லைக் காட்டும். அடை, தேய், மறுபடி ப்ரைமர். மறுபடி துளை. அரியர் பேப்பர் மாதிரி, கிளியர் பண்ணப் பண்ண வந்துகொண்டே இருக்கும்.

'அழகுக்காக இவ்வளவு மெனக்கெடணுமா?' என்றுதான் நானும் கேட்டேன். அழகு இல்லை விஷயம். வேரிஈஸியின் மூக்கில் இருக்கிற குட்டி றெக்கையில் காற்று வழுவழுவென்று ஒட்டி ஓடினால்தான் கணக்குப் போட்ட தூக்குவிசை கிடைக்கும். மழைத்துளி பட்டு அந்த ஓட்டம் கலைந்தால் சில விமானங்களில் தூக்குவிசை குறைந்து மூக்கு தானாகவே கீழே இறங்கும். பைலட் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துச் சமாளிக்க வேண்டும். பூச்சி அப்பினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே வரைபடத்தில் கட்டியும் சில விமானங்களுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, சிலவற்றுக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு ஜான் ரான்ஸ் என்பவர் மழைக்கு அசராத வேறு ஒரு வடிவத்தைக் கணக்குப்போட்டுக் கொடுத்தார். மழைத்துளிக்கே இந்த மரியாதை என்றால், நாம் தேய்க்காமல் விட்ட மேடு பள்ளத்துக்கு?

கலர் கூட இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. இந்த விமானங்கள் எல்லாமே ஏன் வெள்ளையாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறேன். ஸ்டைல் என்று நினைத்தேன். கறுப்பு அடித்து வெயிலில் நிறுத்தினால் மேல்பரப்பு சூடேறி எபாக்ஸி இளக ஆரம்பிக்கும். அதனால் வெள்ளை. பைக்குக்கு மேட் பிளாக் அடிக்கிற பார்ட்டிகள் கவனிக்கவும்.

இப்போது பெயின்டுக்கு வருகிறேன். தைரியமும் வந்துவிட்டது.

பெயின்டுக்கு எடை உண்டு. ரெண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தில் பெயின்ட் மட்டுமே 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வரை ஏறுவது சகஜம். எவ்வளவு என்பதோடு, எங்கே ஏறியது என்பதுதான் முக்கியம். ஏலரான், எலிவேட்டர் மாதிரி கீலில் ஆடுகிற பாகங்களுக்குப் பின்ஓரத்தில் எடை கூடினால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அவை காற்றோடு சேர்ந்து படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். ஃப்ளட்டர் என்று பெயர். ஆட்டத்துக்குக் காற்றே தீனி போடும், சில நொடிகளில் பாகம் பிய்ந்துவிடும். அதனால்தான் பெயின்ட் அடித்த பிறகு அந்தப் பாகங்களைக் கழற்றித் தொங்கவிட்டு, சரியான கோணத்தில் நிற்கிறதா என்று திரும்பவும் பார்க்கிறார்கள். மொத்த விமானத்தையும் மூன்று சக்கரத்துக்கு அடியில் மூன்று தராசு வைத்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் புவிஈர்ப்பு மையம், அதாவது நம்ம சி.ஜி. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான். சிலர் பெயின்டே அடிக்காமல் முதலில் பறந்து பார்ப்பார்கள். பிற்பாடு பெயின்ட் அடித்தால், மறுபடி தராசு.

எங்கள் விமானத்துக்கு சி.ஜி. பார்க்கும் பொறுப்பு என்னுடையது. றெக்கையில் குறித்த இடத்தில் ரெண்டு விரல் கொடுத்துத் தூக்கினால், மூக்கும் வாலும் சமமாக நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்த்தேன். முன்ஓரத்திலிருந்து 7.5 சென்டிமீட்டரில் கச்சிதமாக நின்றது. வியாழக்கிழமை வால் ஒட்டிய இடம் மேடாகத் தெரிகிறது என்று பட்டி வைத்தோம். அதன் மேல் ஸ்ப்ரே பெயின்ட் ரெண்டு கோட். அதன் மேல் காலேஜ் பெயர் போட்ட பெரிய ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை காலை செக்லிஸ்டில் 'சி.ஜி.' என்று ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமைதான் பார்த்தாச்சே என்று டிக் அடித்தேன்.

உடைந்த வாலை அன்று ராத்திரி மெஸ் அண்ணனிடம் தராசு வாங்கி நிறுத்தேன். 90 கிராம் கூடியிருந்தது. ரெண்டு முட்டை எடை கூடக் கிடையாது! ஆனால் அது இருந்த இடம் சி.ஜி.யிலிருந்து 65 சென்டிமீட்டர் பின்னால். 90-ஐ 65-ஆல் பெருக்கி 1,890-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் சொச்சம். 25 சென்டிமீட்டர் அகல றெக்கையில் மையம் மூன்று சென்டிமீட்டர் பின்னால் போனால், மூக்கைத் தூக்கின விமானம் தானாக இறங்காது. ஸ்டிக்கை உடையும் வரை தள்ளினாலும் கஷ்டம்தான். கேப்டன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

இதைக் கணக்குப் போட்ட பேப்பரை மடித்து ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, மறுநாள் காலை மெஸ்ஸில் "ஓவரா இழுத்துட்டான்ல?" என்று கேட்டவனிடம் நானும் தலையாட்டினேன்.

எங்களுடையது தெர்மாக்கோல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1997 அக்டோபர் 12-ல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தது ஒரு லாங் ஈஸி. ஓட்டியவர் ஜான் டென்வர், உலகம் பூராவும் ரசிகர்கள் இருந்த அமெரிக்கப் பாடகர். அனுபவசாலி பைலட்டும் கூட. இன்னொருவர் கட்டிய விமானத்தை வாங்கியிருந்தார், அந்த ரக விமானத்தில் மட்டும் அவருக்குப் பழக்கம் குறைவு.

விபத்தை விசாரித்த என்.டி.எஸ்.பி.யின் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். லாங் ஈஸியில் ரெண்டு பெட்ரோல் டேங்க். எதிலிருந்து எடுப்பது என்று மாற்ற ஒரு கைப்பிடி, நம்ம பைக் ரிசர்வ் மாதிரி. ருட்டானின் வரைபடப்படி அது முன்னால், பைலட்டின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். கட்டியவர் அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வரவேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்தக் கைப்பிடியில் எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று எழுதவில்லை. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் குழாய்களிலும் அளவு குறிக்கவில்லை, அவையும் பின்னால்தான். கைப்பிடி இறுக்கமாக வேறு இருந்தது. கிளம்பும் முன் டெக்னீஷியன் ஒருவரோடு சேர்ந்து, ஒரு வைஸ் கிரிப் பிளையரை மாட்டினால் எட்டுமா என்று கூடப் பார்த்திருக்கிறார். எட்டவில்லை. பெட்ரோல் போடவா என்றதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று வேண்டாம் என்றிருக்கிறார்.

வானத்தில் டேங்க் மாற்ற வேண்டி வந்தால், ஸ்டிக்கை விட்டுவிட்டு வலது கையை இடது தோளுக்கு மேல் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே செய்து பாருங்கள். வலது கால் தானாகத் தரையை உந்தும். விமானத்தில் அந்தக் காலுக்கு அடியில் இருப்பது ரடர் பெடல். கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது ரடர் அமுங்கி, கட்டுப்பாடு போனது என்று அறிக்கை சொல்கிறது. பெட்ரோல் நிரப்பாததும் போதிய பயிற்சி இல்லாததும் காரணப் பட்டியலில் இருக்கின்றன. அதே பட்டியலில், பெயர் எழுதாத அந்தக் கைப்பிடியும் இருக்கிறது.

விமானம் என்ற அளவில் அது முடிந்த விமானம். பளபள பெயின்ட், பதிவு எண், எல்லாம் உண்டு. கட்டி முடிக்கிற கடைசி வாரத்தில் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருந்தால், கைப்பிடியை எட்டுகிற இடத்தில் வைத்திருந்தால்... இப்படி நினைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 2011-ல் நடந்த ஹோம்பில்ட் விபத்துகளை எல்லாம் எடுத்து அதே என்.டி.எஸ்.பி. 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விபத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேல், பறந்தவர் கட்டாத, வேறு ஆளிடம் வாங்கிய விமானங்கள். கட்டினவனுக்கு எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று தலையில் இருக்கும். வாங்கினவனுக்கு லேபிள்தான் இருக்கும்.

அதனால்தான் கடைசிச் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் எஞ்சினை மட்டும் பார்ப்பதில்லை. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று எழுதியிருக்கிறதா, ஏறும் வாசல் பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று கண்ணில் படுகிற அளவில் இருக்கிறதா, எடைக் கணக்குப் பேப்பர் உள்ளே இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பார். பாஸ் ஆனாலும் உடனே மாமியார் வீட்டுக்குப் பறந்துவிட முடியாது. எஞ்சினைப் பொறுத்து வழக்கமாக 25 மணி நேரம் அல்லது 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள்ளேயே, பயணி யாரையும் ஏற்றாமல் பறந்து காட்ட வேண்டும். அதுவும் ஃபினிஷிங்தான் என்பேன் நான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் கேப்டன் ரூமுக்குப் போனேன். அந்தக் கணக்குப் பேப்பரைக் கையில் கொடுத்து, "அன்னிக்குத் தப்பு உன்னோடது இல்லடா" என்றேன். மேலிருந்து கீழே படித்தான். ஒரு தடவை பெருக்கிச் சரிபார்த்தான், சத்தியமாக!

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு ராத்திரியே."

"ஏழு மாசம்டா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். மற்ற மூன்று பேரிடமும் அன்றே போய்ச் சொன்னேன். ஒருத்தன் திட்டினான், ரெண்டு பேர் "விடு மச்சி" என்றார்கள். திட்டினதுதான் நன்றாக இருந்தது.

இந்த வருஷத்துக்கான விமானம் இப்போது லேபில் நிற்கிறது. 90 பர்சன்ட் ஓவர்! நேற்று பெயின்ட் காய்ந்ததும் தராசு, ஸ்கேல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. கேப்டன். ஒன்றும் பேசாமல் வந்து, றெக்கைக்கு அடியில் ரெண்டு விரல் கொடுத்து விமானத்தைத் தூக்கினான். சமமாக நின்றது.

"பெயின்டுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான். மூக்குல 35 கிராம் ஈயம் வெச்சிருக்கேன்."

"எழுதி ஒட்டு."

எடை, சி.ஜி., ஈயம் எவ்வளவு, எங்கே என்று எல்லாம் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். குனிந்து பார்த்தான். என் பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவினான்.

"தேதி எங்கடா?"